இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்

அந்தி மஃரிப் தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பை மடித்துக்கொண்டே ஹாலுக்கு வந்த வஜீஹாவின் கண், வாசலோரம் செருப்பு ஸ்டாண்டில் போய் நின்றது. கணவன் ஆசிஃபின் செருப்பு அங்கே இல்லை. ஆனால் சாத்தியிருந்த படுக்கையறைக்குள்ளிருந்து, குழந்தையைத் தூங்கவைக்க அவன் முனகும் தாலாட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

கழுவிப் பால்கனியில் காயவைத்திருப்பான் என்று மனத்தை அதட்டினாள். வெளியே மழை பெய்துகொண்டிருக்க, எவன் பால்கனியில் செருப்பைக் காயவைப்பான் என்று மனம் திருப்பிக் கேட்டது. அவள் மனம் லேசுப்பட்டதில்லை. குழந்தை சிம்ரா பிறந்த நாளிலிருந்து அவளை அது உட்காரவிட்டதில்லை. சமையலறைப் பின்கதவின் தாழ்ப்பாளை ஒரு தள்ளு தள்ளி, ஒரு இழுப்பு இழுத்து, மறுபடி ஒரு தள்ளு தள்ளிவிட்டுத் திரும்புவாள். சோபாவில் உட்காருவதற்குள் சந்தேகம் எழுந்து நிற்கும். நன்றாகத் தூங்குகிற பிள்ளையை, மூச்சு இருக்கிறதா என்று தட்டி எழுப்புவாள். அது வீறிட்டு அழுதால்தான் இவளுக்கு உயிர் வரும்.

வஸ்வாஸ், ஷைத்தான் மனத்தில் ஊதும் சந்தேகம் என்று சொல்லி மாமியார் ஓதிய தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் தீர்ந்தது, சந்தேகம் தீரவில்லை. கடைசியில் அடையாறில் மனநல டாக்டர் நீரஜாவிடம் வந்து சேர்ந்தார்கள்.

"சந்தேகம் வந்தா வரட்டும், வஜீஹா. பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க. எழுந்து போய் மட்டும் பாக்காதீங்க. பாக்கப் பாக்கத்தான் அது கொழுக்கும்" என்றார் டாக்டர்.

ஆசிஃபுக்குத் தனியாக ஒரு சட்டம் போட்டார். இவள் எதைக் கேட்டாலும் ஆறுதல் சொல்லக்கூடாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற ஒரே பதில்தான். எங்கே போகிறான், எப்போது வருவான் என்றுகூட வாய் திறக்கக்கூடாது. பாண்டி பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் அவன்; எதையும் இம்மி பிசகாமல் செய்கிற ஆள். சட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டான். பதிலைச் சொல்லும்போது மட்டும் அவனுக்கே வெட்கமாகி, கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் வஜீஹா இத்தனை நாளும் தாக்குப்பிடித்தாள்.

இன்றைக்கான பயிற்சி கடினமானது. பின்கதவை ஒரே ஒரு தடவை தாழிட வேண்டும். குழந்தை அறைக்குள் இருக்க, இவள் ஹாலில் உட்கார்ந்து, பயம் தானாக அடங்கும்வரை எழுந்து பார்க்காமல் இருக்க வேண்டும்.

பின்கதவை ஒரு தடவை தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். ராஜா அண்ணாமலைபுரத்துத் தெருவில் மழைக்கு ஒதுங்கிய ஆட்டோக்களின் பேச்சுச் சத்தமும் ஓய்ந்துபோய், ஜன்னல் தகரத்தில் விழும் தண்ணீரும் ஃப்ரிட்ஜின் உறுமலும் அந்தத் தாலாட்டும் மட்டும் மிச்சமாக, எங்கிருந்தோ பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டியின் வாடை மெல்ல வந்து ஹாலில் தங்கியது. சமையலறையில் இரும்பு இரும்பில் தட்டுவதுபோல் ஒரு சத்தம். பின்கதவோ? அவள் போகவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிக்கொண்டு, முஸல்லாவை மடியில் இறுக்கிப் பிடித்தாள்.

தாலாட்டில்தான் ஏதோ சரியில்லை. ஒரே அடி திரும்பத் திரும்ப வந்தது. நடுவில் அவன் மூச்சே வாங்கவில்லை.

"என்னங்க, சிம்ரா தூங்கிட்டாளா?"

முனகல் நின்றது.

"தூங்கியிருக்கலாம். தூங்காமலும் இருக்கலாம்."

ஆசிஃபின் குரல்தான். சிரிப்பு வரவில்லை.

கேட்கக்கூடாது. கேட்டால் நோய்க்குத் தீனி. ஆனாலும் கேட்டாள்.

"உள்ளே இருக்கிறது நீங்கதானே?"

பதில் கதவுக்கு மிக அருகிலிருந்து, அமைதியாக வந்தது.

"நானா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

எழுந்துவிட்டாள். கதவின் குமிழியில் கை வைத்துவிட்டாள். அந்த நேரத்தில் முன்வாசல் பூட்டில் சாவி திரும்பியது. சொட்டச் சொட்ட நனைந்த ஆசிஃப், காலில் செருப்பும் கையில் பால் பாக்கெட்டுமாக உள்ளே வந்தான்.

உள்ளே யாரோ இருக்கிறார்கள், உங்கள் குரலில் பேசினார்கள், பிள்ளை உள்ளே இருக்கிறாள் என்று வஜீஹா ஒரே மூச்சில் கொட்டினாள். அவன் பயப்படவில்லை. அவன் முகத்தில் பரிவுதான் வந்தது. அவள் தொழுதுகொண்டிருந்தபோதே சிம்ராவைத் தூங்கவைத்து, கதவைச் சாத்திவிட்டுப் பால் வாங்கப் போனவன் அவன். சொல்லாமல் போனது டாக்டரின் சட்டத்துக்காக. பயிற்சி நன்றாகத்தான் நடக்கிறது, கடைசிப் படியில் இவள் தடுமாறுகிறாள் என்று நினைத்தான்.

குமிழியிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். அவள் திமிறினாள். ஈரக் கைகளால் கட்டிப்பிடித்துச் சோபாவுக்கு இழுத்து வந்து உட்காரவைத்தான்.

"இருக்கலாம், வஜ்ஜி. இல்லாமலும் இருக்கலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தான், அதே சின்னச் சிரிப்பு. "இன்னும் கொஞ்ச நேரம்தான். நீ ஜெயிச்சுடுவ."

"விடுங்க. என் புள்ள."

விடவில்லை. அத்தனை பிரியத்தோடு பிடித்திருந்தான்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

பிறகு அது சரியாக விழுந்திருக்கிறதா என்று உள்ளே யாரோ பார்த்தார்கள். ஒரு தள்ளு. ஒரு இழுப்பு. மறுபடி ஒரு தள்ளு.

ஆசிஃபின் சிரிப்பு நின்றது. அவளைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"கேட்டுச்சா?" என்றாள் வஜீஹா.

அவன் கதவின் அடியைப் பார்த்தான்.

கதவின் அடியில் இரவு விளக்கின் மஞ்சள் கீற்று. அதை மறைத்துக்கொண்டு இரண்டு பெரிய பாதங்களின் நிழல். பக்கத்திலேயே, கைப்பிடித்து நிறுத்திவைத்ததுபோல், இரண்டு குட்டிப் பாதங்கள்.

சிம்ரா போன வாரம்தான் குப்புற விழப் பழகியிருந்தாள்.