ஹெஸ்டரின் சவுக்குப் பலகை

மார்னியின் அப்பா ரொட்டியையும் மரத்தை அறுப்பது போலத்தான் அறுப்பார்.

"எதையும் கொஞ்சம் தடிமனா விட்டு வெக்கணும்," என்பார். "தடிமனா இருக்கறத மெலிசாக்கிடலாம். மெலிசா போனதத் தடிமனாக்க முடியுமா?"

மரத்துக்கு அது சரி. ரொட்டிக்குச் சரியில்லை. அந்தத் துண்டுகள் டோஸ்டருக்குள் நுழையாது. நுழைந்தால் வெளியே வராது. காலையில் அம்மா டோஸ்டரைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டும் சத்தத்தில்தான் மார்னி கண்விழிப்பாள்.

அப்பா கோடையில் படகு கட்டுவார். குளிர்காலத்தில் ஹேசல் குடாவில் யாரும் படகு கேட்க மாட்டார்கள். அப்போது கிதார் செய்வார். இதுவரை இரண்டு செய்திருக்கிறார். முதல் கிதார் கொட்டகைச் சுவரில் தொங்குகிறது. "அது பார்க்க நல்லா இருக்கு," என்று அம்மா சொல்வாள். அதற்கு மேல் அதைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டாள்.

மூன்றாவது கிதார் ஹெஸ்டருக்கு.

ஹெஸ்டரைத் தெரியாதவர்கள் அந்தக் கரையில் இல்லை. தீவுக்குப் போகும் பெரிய படகில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்துவது அவள்தான். ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு விரலை அசைத்தால் லாரி கூடப் பின்வாங்கும். சனிக்கிழமைகளில் அவள் 'கடல்யானைகள்' என்ற இசைக்குழுவில் மின்கிதார் வாசிப்பாள். அந்தக் குழுவின் பாட்டைக் கேட்க ஜன்னல் ஓரம் உட்காரக் கூடாது. கண்ணாடி அதிரும். மார்னியும் அப்பாவும் அவள் வாசித்து நேரில் பார்த்ததில்லை, தூரத்திலிருந்து சத்தத்தைக் கேட்டதோடு சரி.

"என்னோட அடித் தந்தி, படகுச் சங்கு ஊதற மாதிரி உறுமணும் டெஸ்மண்ட்," என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். "இப்ப இருக்கறதுல அது கொழகொழன்னு கிடக்கு. வேகவெச்ச நூடுல்ஸ் மாதிரி."

"தடிச்ச தந்தி நீளமா இருந்தாத்தான் விறைப்பா நிக்கும்," என்றார் அப்பா. "மெல்லிசுத் தந்திக்கு அவ்வளவு நீளம் வேண்டாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நீளம் வெச்சுடலாம்."

மார்னிக்குப் புரியவில்லை. அப்பா அவள் கையை மேசைமேல் விரித்து வைத்தார்.

"உன் விரல் எல்லாம் கோடு போட்ட மாதிரி நேரா நிக்குதா?"

"இல்ல. விரிஞ்சு இருக்கு."

"இந்தக் கிதார்ல மெட்டும் அப்படித்தான் இருக்கும்."

விரல் வைத்து அழுத்தும் பலகையின் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் மெட்டுகள். மற்றக் கிதார்களில் அவை ஏணிப்படி போல ஒரே சீராக நிற்கும். ஹெஸ்டரின் கிதாரில் விசிறி மடிப்பு போல விரியும். தடித்த தந்திப் பக்கம் அகலமாக, மெல்லிய தந்திப் பக்கம் நெருக்கமாக.

எல்லாம் உள்ளூர் டாஸ்மேனியா மரம்தான் வேண்டும் என்று ஹெஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். உடலுக்கு பிளாக்வுட். கழுத்துக்குச் சிவந்த மிர்ட்டில். விரல் பலகைக்கு மட்டும் அவளே மரம் கொண்டுவந்தாள்.

அது படகுத்துறைச் சவுக்கு மரம். போன புயலில் விழுந்துவிட்டது.

"அந்த மரத்தடியிலதான் நான் வாசிக்கக் கத்துக்கிட்டேன்," என்றாள் ஹெஸ்டர். "மூணு வருஷம் ஒரு புகாரும் சொல்லாம கேட்டது அது ஒண்ணுதான். எங்க அம்மா வீட்டையே மாத்திட்டாங்க."

மரத்தின் உள்ளே முக்கால்வாசி உளுத்துப் போயிருந்தது. நல்லதாகத் தேறியது ஒரே ஒரு பலகை. சரிகை வைத்து நெய்ததுபோல அதில் பளபளக்கும் புள்ளிகள் இருந்தன. அப்பா வழக்கம்போல அதையும் தடிமனாகவே அறுத்து வைத்தார்.

கிதார் செய்ய ஒரு விவரத்தாள் உண்டு. அதை நிரப்புவது மார்னியின் வேலை. அதனால் அப்பா அவளை முதலாளி என்றுதான் கூப்பிடுவார்.

"ஹெஸ்டர் ஒரு வீடியோ அனுப்பியிருக்கா முதலாளி. பார்த்துட்டு எழுதுங்க."

படகுத்துறையில் நின்று ஹெஸ்டர் கிதார் வாசித்துக்கொண்டிருந்தாள். போனை ஒரு தூணில் சாய்த்து வைத்துத் தானே எடுத்த வீடியோ. மார்னி பார்த்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள்.

ஹெஸ்டர் இடக்கைக்காரி!

மார்னியும் இடக்கைக்காரிதான். வகுப்பில் இருபத்திரண்டு பேரில் அவள் ஒருத்திதான். பள்ளிக் கத்தரிக்கோல் அவள் கையில் வெட்டாது. எழுதினால் மை உள்ளங்கை ஓரமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். யாரும் கேலி செய்வதில்லை. ஆனால் 'நீ பண்றதப் பார்த்தா எனக்குக் கை வலிக்குது' என்று யாராவது சொல்வார்கள். அப்போது அவள் சிரித்துவைப்பாள். சிரித்து முடித்த பிறகு உள்ளே ஏதோ ஒன்று சுருங்கிக்கொள்ளும்.

இப்போது ஹெஸ்டர். லாரிகளையே பின்வாங்க வைக்கும் ஹெஸ்டர்.

"அப்பா, அவங்க இடது கை."

அப்பாவும் வீடியோவைப் பார்த்தார். "ஆமாம் போலிருக்கே. மணிக்கட்ட எப்படி வளைக்கறா பாரு," என்று மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விவரத்தாளில் 'எந்தக் கை?' என்ற கேள்விக்கு நேராக, 'இடது' என்ற கட்டத்தில் மார்னி அழுத்தமாக ஒரு டிக் போட்டாள். அதை யாரிடமும் சொல்லிப் பெருமைப்படவில்லை. பல் தேய்க்கும்போது மட்டும் நினைத்துக்கொள்வாள். கண்ணாடியில் அவளுக்கே சிரிப்பு வரும்.

சனிக்கிழமை முழுக்க அப்பா அந்தச் சவுக்குப் பலகையில் மெட்டு பதிக்கும் வெட்டுகளைப் போட்டார். மொத்தம் இருபத்து நான்கு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வு. மார்னி தூரிகையால் தூளைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மாலையில் பலகையில் ஒரு விசிறி விரிந்திருந்தது. இடக்கை விசிறி.

ஞாயிறு காலை அவள் அந்த வீடியோவை மறுபடியும் பார்த்தாள். பதினைந்தாவது முறையாக இருக்கலாம். பாட்டு முடியும் இடத்தில், ஹெஸ்டருக்குப் பின்னால் ஒரு நீல வண்டி படகிலிருந்து இறங்கிச் சாலையில் ஏறியது.

சாலையின் வலப்பக்கமாக ஏறியது.

தப்பான பக்கம் போகிறதே என்று மார்னி நினைத்தாள். ஹெஸ்டர் பார்த்தால் விடுவாளா? அடுத்த வண்டியும் வலப்பக்கமே போனது. அதற்கடுத்ததும். யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

அவள் வீடியோவை நிறுத்தி, விரலால் பெரிதாக்கினாள். நம்பர் பலகையில் எல்லா எழுத்துகளும் திரும்பி நின்றன.

கண்ணாடியில் தெரிவது போல.

போனின் முன்பக்கக் கேமரா எல்லாவற்றையும் இடம் வலமாகத் திருப்பிக் காட்டியிருக்கிறது. வண்டியை. சாலையை. ஹெஸ்டரையும்.

ஹெஸ்டர் வலக்கைக்காரி.

மார்னி போனைக் கவிழ்த்து வைத்தாள். முதலில் வந்த நினைப்பு, பலகை வீணாகிவிட்டதே என்பது கூட இல்லை. 'அப்போ அவங்களும் என்னை மாதிரி இல்லையா' என்பதுதான். அப்படி நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த நினைப்பு இன்னும் மோசமானது. இது யாருக்கும் தெரியாது. அப்பாவும்தானே வீடியோவைப் பார்த்தார்? சும்மா இருந்துவிட்டால் அப்பாவே எப்போதாவது கண்டுபிடிப்பார். அப்போது அது அவருடைய தப்பாகிவிடும்.

அவள் அந்த நினைப்போடு படுக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஈர சாக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பிறகு எழுந்து கொட்டகைக்குப் போனாள்.

"அப்பா, பலகைய ஒட்டக் கோந்து போடாதீங்க. நான் தப்பா டிக் போட்டுட்டேன்."

அப்பா வீடியோவைப் பார்த்தார். நீல வண்டியைப் பார்த்தார். கவிழ்த்து வைத்த படகின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"நானும்தானே பார்த்தேன். அந்த மணிக்கட்டையே பார்த்துட்டிருந்தேன்."

"வெட்ட அடைச்சுட்டு வேற பக்கமா வெட்ட முடியாதா?"

"புது வெட்டு பழைய வெட்டுக் குறுக்கால போகும். வேலி மேல வேலி போட்ட மாதிரி ஆயிடும். வேற பலகை வாங்கிடலாம். ஆனா அது அவ மரம் இல்லையே." அவர் தலையைச் சொறிந்தார். "நாளைக்கு ஹெஸ்டர்கிட்ட சொல்லிடறேன்."

"நான் சொல்றேன்," என்றாள் மார்னி. "டிக் என்னோடது."

அப்பா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "சரிங்க முதலாளி. வாங்க, முதல்ல சாப்பிடலாம்."

சமையலறையில் டோஸ்டரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"இனிமே இந்த வீட்டுல ரொட்டி அறுக்கறவங்க கைய உடைச்சுடுவேன்," என்றாள் அம்மா. பாதி கருகிய துண்டை முட்கரண்டியால் நெம்பி எடுத்தாள். "இது ரொட்டியா, செங்கல்லா?"

அவள் ரொட்டித் துண்டைப் பலகையில் படுக்க வைத்து, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கத்தியைப் பக்கவாட்டில் நுழைத்து, தட்டையாகவே நடுவில் அறுத்தாள். ஒரு துண்டு இரண்டு துண்டானது. மேல் துண்டில் டோஸ்டர் கம்பியின் கருப்புக் கோடுகள். கீழ்த்துண்டின் உட்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

மார்னி ரொட்டியில் வெஜிமைட் தடவும் கத்தியோடு அப்படியே நின்றாள்.

"அப்பா. பலகை எவ்வளவு தடிமன்?"

"பதினாறு மில்லிமீட்டர். ஏன்?"

"வெட்டு எவ்வளவு ஆழம்?"

"மூணு." அப்பா மென்றுகொண்டே சொன்னார்.

"கிதாருக்கு எவ்வளவு தடிமன் வேணும்?"

"ஆறு, ஆறரை இருந்தா..." அப்பா மெல்லுவதை நிறுத்தினார்.

மார்னி ரொட்டியின் இரண்டு துண்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். பிறகு மேல் துண்டைத் தூக்கினாள்.

அப்பா கீழ்த்துண்டின் வெள்ளைப் பக்கத்தை விரலால் தொட்டார்.

"செவ்வாய்க்கிழமைக்குள்ள நானே யோசிச்சிருப்பேன்," என்றார் அப்பா.

"எந்த மாசத்துச் செவ்வாய்க்கிழமை?" என்று கேட்டாள் அம்மா.

பெரிய ரம்ப எந்திரத்தில் பலகையை விட்டபோது மார்னி கண்ணை மூடிக்கொண்டாள். சவுக்கு மரம் கோபக்கார மரம். பிடிக்காவிட்டால் விரிசல் விடும். எந்திரத்தின் சத்தம் ஏறியது, இறங்கியது, நின்றது.

"கண்ணத் திறங்க முதலாளி."

பலகை புத்தகம் போல இரண்டாகத் திறந்திருந்தது. ஒன்றில் இடக்கை விசிறி. மற்றொன்று ஒரு வெட்டும் இல்லாமல், சரிகைப் புள்ளிகளோடு, புதிதாக.

ஏழு வாரம் கழித்து ஹெஸ்டர் கிதாரை வாங்கிக்கொள்ள வந்தாள். கொட்டகையில் ஒலிபெருக்கியை மாட்டி, அடித் தந்தியை ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

ஆணி டப்பாக்கள் அலமாரியில் நடந்தன. வாசலில் புல் தின்றுகொண்டிருந்த சின்னக் கங்காரு போன்ற வாலபி ஒன்று வேலியைத் தாண்டி ஓடியது. தூரத்தில் எங்கோ ஒரு நாய் பதில் சொன்னது.

"டெஸ்மண்ட்," என்றாள் ஹெஸ்டர் மெல்ல. "நூடுல்ஸ் போச்சு. சங்கு வந்துடுச்சு."

அப்பாவின் காதுகள் சிவந்தன. மார்னி அலமாரிக்குப் போய், துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்தாள்.

"இதுவும் உங்க மரம்தான். நான் உங்கள இடதுகைன்னு தப்பா எழுதிட்டேன். அதனால முதல்ல இப்படி வெட்டிட்டோம். உங்ககிட்ட குடுத்துடலாம்னு வெச்சிருந்தேன்."

ஹெஸ்டர் துணியைப் பிரித்தாள். திரும்பிக் கிடந்த விசிறியை விரலால் தடவினாள்.

"என்னைப் போய் இடதுகைன்னு ஏன் நினைச்ச?"

"வீடியோ திருப்பிக் காட்டிடுச்சு." மார்னி தரையைப் பார்த்தாள். "அப்புறம்... நீங்க அப்படி இருந்தா நல்லா இருக்கும்னு நினைச்சேன்."

ஹெஸ்டர் பலகையிலிருந்து கண்ணை எடுத்தாள். மார்னியின் உள்ளங்கை ஓரத்தில் நீல மை ஒட்டியிருப்பதைப் பார்த்தாள்.

"அத இப்படிப் பிடி," என்று பலகையை அவளிடமே கொடுத்தாள். "கிதார் மாதிரி. உனக்கு எப்படி வருதோ அப்படி."

மார்னி பிடித்தாள். ஹெஸ்டர் தன் கிதாரோடு அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். கிதாரின் கழுத்தும் பலகையும் ஒரே பக்கம் கதவை நோக்கி நீண்டன. கண்ணாடிக்கு முன்னால் நிற்பது போலவே இருந்தது. எதிரே இருந்த பிம்பம் மட்டும் ஆறடி உயரத்தில், ஆரஞ்சுச் சட்டையோடு இருந்தது.

"பொருத்தமா இருக்கு," என்றாள் ஹெஸ்டர். "மேடையில நாங்க அஞ்சு பேரும் ஒரே பக்கம் திரும்பி நிப்போம். பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி இருக்கும். எதிர்ப்பக்கம் நிக்க ஒரு ஆள் இல்லாம கஷ்டமா இருக்கு. டெஸ்மண்ட், இந்தப் பலகைக்கு ஒரு கிதார் செய்ய முடியுமா? மரம் என் கணக்கு."

"நாலாவது கிதார்," என்றார் அப்பா. "செய்யலாம். ஆனா முதலாளி விவரத்தாள் நிரப்பணும்."

மார்னி ஒரு புதிய தாளை எடுத்தாள். தன் பெயரை எழுதினாள். 'எந்தக் கை?' என்ற இடம் வந்ததும் இடது கட்டத்தில் டிக் போட்டாள். ஈர மை உள்ளங்கை ஓரத்தில் இழுபட்டுத் தாள் முழுக்கப் பரவியது.

இந்த முறை வீடியோ பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.