நீல நைட்டி

“அதை மட்டும் மூட்டையில போடாத. அது அம்மாவோடது.”

“நான்தான்டி உன் அம்மா!” நீல நைட்டியை மடித்தபடி அவள் சிரித்தாள். நாலு வயது மகள் சிரிக்கவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தாள்.

எட்டு மாதத்தில் முப்பத்தொரு கிலோ இளைத்திருந்தாள். மருந்துக்கடையில் அவளோடு பில் போடுகிறவள், “ஃபேனைக் குறைச்சு வைங்கப்பா, அக்கா பறந்துடப் போறாங்க” என்று தினமும் கிண்டல் செய்வாள். மகள் மட்டும் மடியில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். ‘எலும்பு குத்துது’ என்றாள் முதலில். பிறகு அலமாரிக்குள் ஏறி, அம்மாவின் பழைய பெரிய துணிகளின் நடுவே தூங்கினாள். அந்தத் துணிகள் இருக்கும்வரை பிள்ளை தன்னிடம் வராது. இன்றைக்கே கொடுத்துவிட வேண்டும்.

திணிக்கும்போது நைட்டி வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலிருந்து, சற்றுமுன் அவள் திறக்கும்வரை, அலமாரி பூட்டியே இருந்தது.

மூட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, பழைய துணி எடுப்பவருக்கு ஃபோன் செய்யக் கூடத்துக்கு வந்தாள். “நாலு மணிக்கு வந்துடுறேம்மா” என்றார். ஃபோனை வைத்தபோதுதான் கேட்டது: படுக்கையறையில் யாரோ நடக்கும் ஓசை, தொடையோடு தொடை உரசத் துணி எழுப்பும் மெத்தென்ற சரக், சரக், வருடக்கணக்காக அவளுக்கு முன்னால் போய் அவள் வருவதை வீட்டுக்குச் சொன்ன அதே சத்தம், பவுடரும் வியர்வையும் கலந்த அவளுடைய பழைய வாசனையோடு கதவிடுக்கு வழியே வந்தது. அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அவை அசையாமல் நின்றன.

சத்தம் நிற்கவில்லை.

பிறகு கட்டில் முனகியது. இப்போதெல்லாம் அவள் உட்கார்ந்தால் அது முனகுவதில்லை.

கதவைத் தள்ளினாள்.

மூட்டை அவிழ்ந்து கிடந்தது. கட்டிலில் நீல நைட்டி, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தது. நிரம்பி. ஒரு சுருக்கமில்லாமல். கழுத்துக்கு மேலே எதிர்ச்சுவர் தெரிந்தது.

அதன் மடியில் மகள்.

நைட்டியின் ஒரு கை மட்டும் அசைந்தது. பிள்ளையின் முதுகில். ஒரு தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு. அவள் தூங்கவைக்கும் தாளம்.

“கண்ணு... இங்க வா.” கையை நீட்டினாள்.

தட்டுவது நின்றது.

மகள் தலையைத் தூக்கினாள். வாசலில் நின்றவளைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. சட்டென்று நீலத் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“அம்மா, அந்த ஆன்ட்டியைப் போகச் சொல்லும்மா.”