டிஸ்கில் ஏறாத வரி

நெட்வொர்க் கேபிளைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள் ஃபெமினா. ஆனாலும் பழைய சர்வரின் முகப்பில் ஹார்ட் டிஸ்க் விளக்கு ஒரு தரம் மினுக்கி அணைந்தது. வெளியிலிருந்து எதுவும் வர வழியில்லாத பெட்டி எதை எழுதிக்கொள்கிறது? ஏதோ உள்வேலையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. பாளையங்கோட்டையில் மூன்றாம் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஆற்றோரச் சாவடிகளில் இருப்பவர்கள் கால்மணிக்கு ஒருதரம் தாமிரபரணியின் நீர்மட்டத்தைச் செல்போனில் எழுதி அனுப்புவார்கள். அது இங்கே வந்து சேரும். சர்வர் அவள் பொறுப்பு. ஞாயிறுகளில் அவள் வருவதற்கு வேலை மட்டும் காரணமில்லை. மணப்பாட்டில் அம்மா இஞ்ஞாசியம்மாள் கண்மூடிய பிறகு அவள் போனுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. வாடகை வீட்டில் குழாய் சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதைவிட, இந்த அறையின் ஏசி இரைச்சலும், சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும், ஓய்வில்லாமல் சுற்றும் சின்னஞ்சிறு விசிறிகளின் முனகலும் எவ்வளவோ மேல்.

புது சர்வர் வந்தாயிற்று. இன்றோடு பழையதை நிறுத்திவிட வேண்டும். நிறுத்துமுன் அதன் செட்டிங்கில் தான் போட்ட ஒரு டிக்கை எடுக்க நினைத்தாள். எடுப்பதால் இனி ஒரு பயனும் இல்லை. ஆனாலும் எடுக்க வேண்டும்.

சர்வர் மந்தமாக இருக்கிறது என்று எல்லாரும் குறைப்பட்டபோது ரைட் கேஷிங் என்ற அந்தக் கட்டத்தில் டிக் போட்டது அவள்தான். அதன்பிறகு வருகிற தகவலை சர்வர் உடனே டிஸ்கில் எழுதாது. மெமரியில் வைத்துக்கொண்டு, அனுப்பியவருக்கு முதலில் ‘பதிவாகிவிட்டது’ என்று சொல்லிவிடும். எழுதுவது கொஞ்சம் பொறுத்துத்தான். இடையில் கரண்ட் போனால் வந்தது போனதுதான். கட்டத்துக்குக் கீழேயே எச்சரிக்கை இருந்தது. படித்துவிட்டுத்தான் போட்டாள். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓட்ட யுபிஎஸ் இருக்கிறதே என்ற தைரியம்.

போன மார்கழியில் வெள்ளம் வந்த அன்று யுபிஎஸ் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. சேரன்மகாதேவிக்கு மேற்கே ஒற்றை அறைச் சாவடியில் இருந்த கொம்பையா அன்றைக்குப் பிறகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. எட்டாம் நாள் அவர் மனைவி சுடலைவடிவு அலுவலகத்துக்கு வந்தாள்.

“யம்மா, அவிய எழுதி அனுப்பிட்டேன்னுதான சொன்னாவ. ‘பதிஞ்சிட்டுன்னு வந்துட்டு, இனி ஆள் வந்துருவாவ, நீ பயப்படாத’ன்னு எங்கிட்ட போன்ல சொன்னாவளே. நல்லாப் பாரும்மா.”

ஃபெமினா பார்த்தாள். ஆறேகால் மணியோடு பதிவு நின்றிருந்தது.

“இல்லக்கா. ஒண்ணும் வரல.”

டிஸ்கைப் பொறுத்தவரை அது உண்மை. சுடலைவடிவு கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு ஒரு வருடமாக ஃபெமினாவைத் தூங்கவிடவில்லை.

விளக்கு மறுபடி மினுக்கியது.

கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றேகால். சரியாகக் கால்மணி நேரம். கை தானாக மவுஸைப் பிடித்து கொம்பையாவின் பதிவுகளைத் திறந்தது. ஆறேகாலுக்குக் கீழே வரி ஏதும் இருக்கக்கூடாது. இரண்டு வரி இருந்தது.

‘மட்டம் 14 அடி. ரூமுக்குள்ள தண்ணி வந்துட்டு. ஆள் அனுப்புங்க.’

‘முதல் படி முங்கிட்டு.’

மெமரியில் கிடந்தது கரண்ட் போனால் அழிந்துவிடும். வருடம் கழித்து எழுந்து வராது. அதோடு, கொம்பையாவின் சாவடிக்குப் படிகளே கிடையாது. மணல்திட்டில் தரையோடு தரையாகக் கட்டிய அறை அது. இரண்டு வரிகளிலும் இன்றைய தேதி இருந்தது.

வாசனை அப்போதுதான் உறைத்தது. சூடான பிளாஸ்டிக் நெடிக்குக் கீழே இன்னொன்று: வெள்ளம் வடிந்த கரையில் வீசுமே, அழுகிய கோரையும் சேறும் கலந்த வாடை.

கீழே காவலுக்கு இருந்த சிலுவைமுத்துவுக்குப் போன் போட்டாள்.

“அண்ணாச்சி, கீழ தண்ணி ஏதும் நிக்கா?”

“தண்ணியா? காலையிலருந்து குழாயில ஒரு சொட்டு வரலம்மா. ஏன், மேல ஒழுகுதா?”

“படிக்கட்டுல யாராவது ஏறி வாராங்களா?”

“இங்கன நான்தான் உக்காந்திருக்கேன். ஒரு ஈ காக்கா ஏறல. என்னம்மா, கொரல் ஒரு மாதிரி…”

இணைப்பு அறுந்தது. திரும்பப் போட்டாள். மணியே போகவில்லை.

கம்பி போட்ட சன்னலுக்கு வெளியே வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. எதிர்க்கடை ஆள் துணித்திரையை இறக்கிவிட்டார். “அண்ணாச்சி!” என்று கத்தினாள். மூடிய கண்ணாடிக்கு உள்ளேயே சத்தம் சுற்றி நின்றது. அவர் நிமிரவில்லை.

மினுக்கல். இந்தத் தடவை கால்மணி ஆகவில்லை.

‘இருபதாம் படி.’

இந்தக் கட்டடத்தில் நாற்பத்து நான்கு படிகள். தினமும் எண்ணிக்கொண்டே ஏறுகிறவள் அவள்.

‘முப்பது.’

டிக்கை எடுத்தாள். இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் எடுத்தாள். இனி எதையும் பிடித்து வைக்காதே. எல்லாவற்றையும் எழுதிவிடு. எழுதி முடி.

விளக்கு மினுக்கவில்லை. நின்று எரிந்தது.

திரையில் வரிகள் கொட்டின. ஆள் அனுப்புங்க. ஆள் அனுப்புங்க. ஆள் அனுப்புங்க. ஒரு வருடத்தின் ஒவ்வொரு கால்மணிக்கும் ஒரு வரி. பக்கம் பக்கமாக.

பிளக்கைப் பிடுங்கினாள். விசிறிகள் ஓய்ந்தன. ஏசியும் நின்றது. அந்த அமைதியில் கதவுக்கு அப்பால் கேட்டது. சளக். சளக். பைய, ஒவ்வொரு படியாக.

கதவின் மேல்பாதியில் நீளமாக ஒரு கண்ணாடி. அதன் அடிவிளிம்பில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. கோடு ஏறியது. ஒரு விரல். ஒரு சாண். அந்தப் பக்கம் தாழ்வாரம் நிறைந்துகொண்டிருந்தது. கதவிடுக்கில் ஒரு சொட்டும் வரவில்லை.

சுவரில் முதுகு ஒட்ட நின்றாள் ஃபெமினா. ஒரு வருடம் யாரிடமும் சொல்லாததை அந்தக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

“அண்ணாச்சி… நீங்க அனுப்பினது வந்துச்சி. நான்தான்… என்னாலதான் போச்சு.”

சளக் சத்தம் நின்றது.

கண்ணாடி முழுக்கக் கலங்கல் நீர். பாசித்துணுக்குகள் மெல்லச் சுழன்றன. அவற்றை விலக்கிக்கொண்டு ஒரு உள்ளங்கை வந்து ஒட்டியது. ஊறி வெளுத்த கை. அதன்பின் முகம்.

கோபத்தை எதிர்பார்த்திருந்தாள். இல்லை.

கண்கள் அவளைக் கண்டுகொண்டன. வீங்கிய கன்னங்கள் மேலேறின. உதடுகள் அசைந்தன. சத்தமில்லை, வாயசைப்பு போதுமாயிருந்தது.

‘வந்துட்டியா தாயீ.’

ஒரு வருடமாக அனுப்பச் சொல்லிக் காத்திருந்த ஆளைக் கடைசியில் கண்டுவிட்ட மனிதனின் சிரிப்பு. நீருக்குள் இரண்டு கைகளும் விரிந்தன. அவளைப் பற்றிக்கொள்ள. உட்புறத் தாழ்ப்பாள் கிரீச்சென்று, தானாக, நகரத் தொடங்கியது.