மூன்றாம் நிலைப் பூதம்

1991 சித்திரையில் சங்கரன்கோவிலிலிருந்து வந்து சென்னீர்குப்பத்தில் பஸ் இறங்கினேன். அங்கே ஐந்து நிலைக் கோபுரம் ஒன்றில் திருப்பணி. சுதை பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவது என் வேலை. சாரம் கட்டும் வேம்புலியைத் தவிர என்னிடம் பேச ஆளில்லை.

மூன்றாம் நிலையில் ஒரு பூதம். இரண்டு கைகளையும் உயர்த்தி, மேல்நிலையைத் தாங்கியபடி குந்தியிருக்கும். நாள் முழுக்க அதன் எதிரில்தான் இருப்பேன்.

"இன்னா மச்சான், பொம்மையாண்ட பேசிகினு கீறே? பொண்ணு கேக்கப் போறியா?" என்று சிரிப்பான் வேம்புலி.

பொம்மைக்குக் கண் கடைசியில்தான் திறக்க வேண்டும். பூஜை போட்டு, ஸ்தபதி கையால். எனக்குத் தெரியும். ஆனாலும் யாராவது என்னைப் பார்த்தால் தேவலை போலிருந்தது. ஒரு மத்தியானம் அதற்குக் கருவிழி வைத்துவிட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வேம்புலியைக் காணவில்லை.

கோபுரத்துக்குள் ஏறினேன். வெளியே வெயில், உள்ளே கும்மிருட்டு. வௌவால் எச்ச நாற்றம். மர ஏணி முனகியது. மூன்றாம் நிலையில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

வேம்புலி குந்தியிருந்தான்.

இரண்டு கைகளும் மேலே.

"எறங்கி வாடே."

"வுட்டா வுயுந்துடும் மச்சான்," என்று கிசுகிசுத்தான். "அதுக்குக் கை வலிக்குதாம். கொஞ்ச நேரம் புட்ச்சிக்கச் சொல்லிச்சு."

மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. கையைப் பிடித்து இழுத்தேன். மேலே செங்கல் நெறிபட்டது.

சாரத்துக்கு ஓடினேன். பூதத்தின் உள்ளங்கைக்கும் மேல்நிலைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

சுண்ணாம்பை அள்ளி அதன் கண்களில் அப்பினேன். உள்ளே வேம்புலி பொத்தென்று விழுந்தான்.

பிழைத்தான். ஆனால் தோளுக்கு மேல் கை எழும்பவே இல்லை. சாரவேலையை விட்டான்.

கண் திறக்கும் நாளில் ஸ்தபதி பக்தவத்சலம் அந்தச் சுண்ணாம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இத தொறக்க வேணாம்," என்று இறங்கிவிட்டார்.

நான் ஊருக்குத் திரும்பவில்லை. சென்னையில் பாடிப் பக்கம் ஒரு பட்டறையில் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

நேற்று ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ்ஸில் நின்றபடி வந்தேன். சென்னீர்குப்பத்தில் ஜன்னல் வழியே கோபுரம் தெரிந்தது. மூன்றாம் நிலையில் சுண்ணாம்பு இல்லை.

இரண்டு கறுப்புப் புள்ளிகள்.

"பூந்தமல்லி எல்லாம் எறங்கு! யோவ், உனக்குத் தனியா சொல்லணுமா?" கண்டக்டர் கத்தினார். பஸ் காலியாகியிருந்தது.

மேல்கம்பியிலிருந்து கைகளை எடுக்கப் பார்த்தேன்.

விட்டால் விழுந்துவிடும் என்று தோன்றியது.