காலி இருக்கையின் எடை

புது பிக்கப் வண்டி வீட்டுக்கு வந்த நாலாம் நாள் காலை, பக்கத்து இருக்கையில் இருப்பவரைப் பெல்ட் போடச் சொல்லி அது கத்த ஆரம்பித்தது. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. ஒரு கைக்குட்டைகூட இல்லை. மேஸ்திரி குனிந்து, தடவி, தட்டிப் பார்த்தார். கடையில் போட்டனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கைமேல் அப்படியே இருந்தது. அதைக் கழற்றினால் அந்த நிமிடமே வண்டி பழசாகிவிடும் என்று நம்புகிற ரகம் அவர்.

ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்த திரையில் ஐந்து இருக்கைக்கு ஐந்து குட்டி மனித உருவங்கள். ஆள் உட்கார்ந்து பெல்ட் போட்டால் பச்சை, போடாவிட்டால் சிவப்பு, ஆளே இல்லையென்றால் சாம்பல். பக்கத்து உருவம் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. வண்டி வைத்திருக்கிற பாதிப் பேர் செய்வதைத்தான் அவரும் செய்தார். காலி இருக்கையின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டார். சத்தம் நின்றது. சிவப்பு பச்சையானது. அன்றிலிருந்து தினமும் அது மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய முதல் வேலை.

அந்த வண்டிக்கு முன்பதிவு செய்தது அவருடைய தம்பி. நிறம் பார்த்ததும் அவன்தான். வண்டி வாசலில் வந்து நின்றபோது அவன் செத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அண்ணன் தம்பி இருவரும் உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர்கள். ஏழாவது மாடி உயரத்தில் தொங்குமேடையிலிருந்து தம்பி விழுந்தான். பாதுகாப்பு பெல்ட் போடாமல் மேடையில் ஏறிவிட்டான், அஜாக்கிரதை என்று எல்லோரும் வாய்க்கு வாய் சொன்னார்கள். முதலில் அதைச் சொன்னவர் மேஸ்திரி.

அவர் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், எட்டாம் நாள் வேலைக்குப் போனார். கல் மாதிரி இருக்கிறாரே என்று பேசிக்கொண்டார்கள். கல்லேதான். மரத்துப்போனது மனசு மட்டும் அல்ல, அவருடைய இடது கட்டைவிரலும்தான். அன்றைக்கு மரத்தது, இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. சூடான டீ டம்ளரைப் பிடித்துக் கொப்புளம் வந்ததைக்கூட அவர் மனைவி பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் வண்டிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மனைவி அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

"பாதுகாப்பு காரணமா வண்டியைத் திரும்பக் கூப்பிடறாங்களாம். முன் ரெண்டு சீட்டுக்கு அடியில இருக்கற சென்சார்ல கோளாறாம். சரி பண்ற வரைக்கும் பக்கத்து சீட்ல யாரையும் ஏத்தாதீங்கன்னு போட்டிருக்கு."

"தெரியும். ஆளே இல்லாம கத்துது."

"இல்லங்க. இதுல வேற மாதிரி இருக்கு." அவள் விரலை வைத்து மறுபடி படித்தாள். "ஆள் உட்கார்ந்திருந்தாலும் சில சமயம் காலின்னு காட்டுமாம். காலின்னு நினைச்சா மோதும்போது அந்தப் பக்கத்துக் காற்றுப்பை விரியாதாம்."

மேஸ்திரி தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். தண்ணீர் சூடா குளிரா என்று கட்டைவிரலுக்குத் தெரியவில்லை.

சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போன அன்று மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வழியெல்லாம், புது வண்டிக்கே உரிய பிளாஸ்டிக் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை வந்துகொண்டிருந்தது. காடி மாதிரி மூக்கைக் குத்துகிற புளிப்பு. கண்ணாடியின் ஓரத்தை ஒட்டுகிற சிலிக்கான் பசை காயும்போது வருகிற வாடை அது. பசை டப்பாக்கள் எல்லாம் கிடங்கில் இருந்தன. வண்டியில் ஒன்றுகூட இல்லை. ஒரு வளைவில் திரும்பும்போது, பக்கத்து இருக்கையின் உறை நறநறவென்றது, ஒருத்தர் சரிந்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரேடியோவைப் போட்டார்.

மெக்கானிக் வாய் ஓயாத ஆள். ஒரு டேப்லெட்டை வண்டியோடு இணைத்துவிட்டுத் தானே பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். உடனே குதித்து இறங்கினான்.

"ஏசியை இந்தப் பக்கம் மட்டும் வெச்சிருக்கீங்களா சார்? ஐஸ் மாதிரி இருக்கு."

இறங்கிய பிறகும் டேப்லெட்டில் எண் பூஜ்யத்துக்கு வரவில்லை. அறுபத்திரண்டு கிலோ என்று நின்றது. அவன் தலையைச் சொறிந்தான். "பேயா இருந்தாலும் பெல்ட் கட்டாயம்னு சொல்லுது சார் உங்க வண்டி" என்று சிரித்தான். மேஸ்திரி சிரிக்கவில்லை. இரண்டு முன் இருக்கைகளையும் கழற்றி, பழைய சென்சார்களை எடுத்துவிட்டு, டப்பா பிரித்துப் புதுசு போட்டான். ஒரு மணி நேரம் ஆனது. மறுபடி இணைத்தான்.

அறுபத்திரண்டு.

தொங்குமேடை ஒரு அளவுக்குமேல் எடை தாங்காது. அதனால் தினமும் காலையில் ஏறப்போகிற ஆள், கருவி, கண்ணாடி எல்லாவற்றின் எடையையும் பலகையில் சாக்கட்டியால் எழுதிக் கூட்டிப் பார்ப்பது மேஸ்திரியின் வேலை. ஆறு வருடமாக எழுதியிருக்கிறார். கண்ணாடி நாற்பது. நான் எழுபத்தெட்டு. தம்பி அறுபத்திரண்டு.

"பழைய சென்சாரையும் சோதிச்சுப் பாத்தேன் சார்" என்றான் மெக்கானிக். இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை. "உங்க வண்டில அந்தக் கோளாறே கிடையாது. இருக்கற ஆளைக் காட்டாம விடறதுதான் கோளாறு. இது சரியாத்தான்..." என்று வந்தவன், தான் என்ன சொல்ல வந்தோம் என்று தன் காதாலேயே கேட்டதுபோல நிறுத்திக்கொண்டான். "கையெழுத்து போடுங்க சார். சோதிச்சாச்சு, சரியா இருக்குன்னு."

போட்டார். சோதித்தாயிற்று, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது அவருக்குப் பழக்கம்தான். தம்பி விழுந்த அன்றைக்குக் காலையிலும் போட்டிருந்தார். பெல்ட் இரண்டு, இரண்டும் சரி என்று. ஒன்று சரியில்லை. கொக்கியின் வாய் மூடாததால், போடக் கூடாது என்று சிவப்பு நாடா சுற்றி வைத்திருந்த பெல்ட் அது. திருப்பி அனுப்ப வேண்டும், அனுப்ப வேண்டும் என்று ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நல்லதைத் தான் மாட்டிக்கொண்டு, நாடாவைப் பிய்த்துவிட்டு அதைத் தம்பியிடம் நீட்டினார். இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிருடா என்றார். அண்ணன் சொன்னால் அவன் மறுபேச்சுப் பேச மாட்டான். மாட்டிக்கொண்டான்.

மேடை ஒரு பக்கம் சரிந்தபோது கொக்கி ஒரு நொடி பிடித்தது. பிறகு விட்டது.

அண்ணனை அவருடைய பெல்ட் தாங்கியது. கண்ணாடி பொருத்தாத திறப்பு வழியாக மாடிக்குள் ஏறி, ஓடிப்போய் முதலில் பக்கத்தில் நின்றவர் அவர்தான். மற்றவர்கள் மொட்டைமாடியிலிருந்து படியிறங்கி வருவதற்குள், வலது கையால் தம்பியின் தலையைத் தாங்கிக்கொண்டு, இடது கட்டைவிரலால் பெல்ட்டின் பொத்தானை அழுத்தினார். க்ளிக். உருவி எடுத்து மணல் மூட்டைக்குப் பின்னால் எறிந்தார். தம்பியின் கண்கள் திறந்தே இருந்தன. உயிர் இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விரல் அழுத்தியிருக்காது.

திரும்பும் வழியில் தம்பி மனைவி போன் செய்தாள். அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். "மழை வருது மாமா. வீட்டுல விட்டுடறீங்களா? ஒரு விஷயம் பேசணும்."

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடினார். கிடைக்கவில்லை.

மருந்துக்கடை வாசலில் நிறுத்தினார். அவள் குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். அவள் உட்கார வேண்டுமென்றால், சர்வீஸ் சென்டரில் அந்த இருக்கையில் மறுபடி மாட்டிவிட்ட பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இடது கை தானாகப் போனது. கட்டைவிரல் பொத்தானைத் தேடி அழுத்தியது. க்ளிக். இரண்டாவது தடவை. பெல்ட் சட்டென்று சுருண்டு ஓடவில்லை. எதன்மேலோ உரசி, வளைந்து, மெதுவாக மேலே போனது.

அவள் ஏறினாள், பெல்ட் போட்டாள். பச்சை. அப்பாடா என்றிருந்தது அவருக்கு, அரை நிமிடம்.

பிறகு சத்தம். திரையில், அவருக்கு நேர் பின்னாலிருந்த இருக்கையின் உருவம் சிவப்பு.

"பின்னாடி ஏதாவது வெச்சிருக்கீங்களா மாமா?"

"ஒண்ணும் இல்ல."

பின்னால் உறை நறநறத்தது. பெல்ட் இழுபடுகிற நீளமான உரசல். க்ளிக். சத்தம் நின்றது. பச்சை.

அவள் கவனிக்கவில்லை. மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை கண்ணாடியில் வழிந்தது, வைப்பர் வழித்தது, மறுபடி வழிந்தது. புளிப்பு வாடை கூடிக்கொண்டே வந்தது.

"நாளைக்கு விசாரணை ஆபீஸ்ல கையெழுத்து போடணுமாம் மாமா. அவர் பெல்ட் போடாததாலதான் விழுந்தாருன்னு எழுதியிருக்கு. நான் போட்டுட்டா அதோட முடிஞ்சுது. என் பொண்ணு பெரியவளாகி அப்பா எப்படிச் செத்தாருன்னு கேட்டா, அஜாக்கிரதையால செத்தாருன்னுதான் நான் சொல்லணும்."

அவர் வைப்பரை வேகப்படுத்தினார்.

"ஆஸ்பத்திரியில பாத்தேன் மாமா. அவர் தோள்லயும் தொடையிலயும் பட்டை பட்டையா கன்னிப்போயிருந்துது. பெல்ட் இழுத்த தடம் மாதிரி." அவள் இப்போது நேராக அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "நீங்கதானே முதல்ல போனீங்க. நீங்க சொல்றதை நான் நம்பறேன். அவர் பெல்ட் போட்டிருந்தாரா, இல்லையா?"

பாலம் ஏறி, அந்தப் பக்கம் இறங்க ஆரம்பித்தது சாலை. நீளமான சரிவு. கீழே வளைவு. வளைவில் லாரிகளின் சிவப்பு விளக்குகள் வரிசையாக நின்றன.

பின்கழுத்தில் குளிர்ந்த மூச்சுப் பட்டது. காத்திருக்கிற மூச்சு.

ஒரு வார்த்தை போதும். போட்டிருந்தான். அவ்வளவுதான். அது நாக்கு நுனிவரை வந்ததை அவர் உணர்ந்தார். ஆனால் நாக்கும் அதற்குள் மரத்துப்போயிருந்தது. பழகின வார்த்தைதான் அதற்கு வந்தது.

"இல்லம்மா. மறந்துட்டான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

க்ளிக்.

அவருடைய இடுப்புக்குப் பக்கத்தில். பெல்ட் மார்பின்மேல் ஊர்ந்து விலகியது. குனிந்து பார்த்தார். பொத்தானின்மேல் அவருடைய இடது கட்டைவிரல்தான் இருந்தது. அழுத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் இன்னொரு கட்டைவிரல். நகக்கண்ணில் காய்ந்த வெள்ளைப் பசை. இருக்கைக்குப் பின்னாலிருந்து நீண்டு வந்த கை, அவர் தோளைச் சுற்றி, வருடிக்கொடுப்பது மாதிரி.

இத்தனை நாளில் முதன்முறையாக அந்த விரலில் உணர்ச்சி வந்தது. குளிர்.

சிவப்பு எரியும், வண்டி கத்தும், அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று திரையையே பார்த்தார். எரியவில்லை. கத்தவில்லை. பக்கத்தில் பச்சை. பின்னால் பச்சை. ஓட்டுகிறவரின் இடத்தில் வெறும் சாம்பல். அங்கே யாரும் இல்லை என்றது வண்டி.

காலின்னு நினைச்சா விரியாதாம்.

பிரேக்கை மிதித்தார். மிதித்தாரா? விரலிலிருந்த மரப்பு காலுக்கு இறங்கியிருந்தது. எந்த மிதிகட்டைமேல் பாதம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. இன்ஜின் உறுமல் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"மாமா, மெதுவா" என்றாள் தம்பி மனைவி.

பின்னாலிருந்து இன்னொரு கை வந்தது. அது அவர் தலையை, மெல்ல, தாங்கிப் பிடித்துக்கொண்டது.