இன்னும் கொஞ்சம் வளர்ந்து வா

“இன்னும் கொஞ்சம் வளந்து வா, கண்ணு. நான் இங்கதான் இருப்பேன்” என்றது இருக்கையோடு சேர்த்துப் பூட்டும் காப்புக்கச்சை.

பியூலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆறு வயது. மணலூர்தியின் இருக்கையில் முதுகை ஒட்டவைத்தால் பாதம் தரையில் பதியவில்லை. பாதத்தைப் பதித்தால் முதுகு ஒட்டவில்லை. குறைவு நான்கு விரற்கடைதான். அந்த நான்கு விரற்கடைக்காகத் தேரியின் செம்மணல் மேடும், மேட்டின் உச்சியிலிருந்து தெரியும் கடலும் அவளுக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

“எப்பா, உங்க குரல்லயே என்னைய எறங்கச் சொல்லுது!”

உண்மைதான். கச்சையைச் செய்தவர் அவள் அப்பா ஆசீர். குரல் கொடுத்தவரும் அவரே. பிள்ளைகள் அழாமல் இறங்கிப் போகவேண்டுமே என்று தேன் தடவிப் பேசிப் பதிந்தது. கதவும் கூரையும் இல்லாத உல்லாச வண்டி நாட்டில் எங்கே ஓடினாலும் இப்போது அதில் இந்தக் கச்சைதான். ஏறுகிறவரிடம் மூன்றே மூன்று பார்க்கும்: முதுகு ஒட்டுகிறதா, பாதம் பதிகிறதா, கைப்பிடியைப் பற்றினால் பிடி நிற்கிறதா. ஒன்று குறைந்தாலும் பூட்டிக்கொள்ளாது. ஒரு கச்சை பூட்டாவிட்டாலும் வண்டி நகராது.

நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பெட்ரோல் டேங்கின் மேல் ஒன்று, மடியில் ஒன்று என்று பிள்ளைகளை ஏற்றிப் பழகிய கூட்டம். “பெத்தவ மடிய விடவா ஒரு சீட்டு இருக்கு?” என்று சண்டைக்கு வந்தார்கள். காலுறைக்குள் தேங்காய் நாரைத் திணித்துப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்த்தார்கள். கச்சை எதற்கும் மசியவில்லை. “மடி சீட்டு இல்ல, கண்ணு” என்றது அதே தேன் குரலில்.

மடியைப் பற்றி ஆசீருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய அக்கா மகன் லிவிங்ஸ்டன், நாலு வயது, இதே தேரியில் அவர் மடியிலிருந்துதான் போனான். மணல் சறுக்கி வண்டி சாய்ந்தது. அவர் இறுக்கித்தான் பிடித்திருந்தார். அடுத்த நொடி கை வெறுங்கையாக இருந்தது. அதற்குப் பிறகு பிறந்ததுதான் இந்தக் கச்சை. அதனால்தான் அதில் சலுகை என்ற பேச்சே இல்லை. பேரன் பிறந்தநாளுக்கு ஒரே ஒரு நாள் தளர்த்தித் தரும்படி ஒரு பெரிய மனிதர் ஆள் அனுப்பியபோது, “எனக்கே மசியாது, அண்ணாச்சி” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

கச்சை பூட்டாத அன்று வீடு திரும்பும் வழியில் மகளுக்கு ஒரு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தார்.

“காலு தானா வளந்துரும். பிடியை நாமதான் வளக்கணும். தெனமும் இதை அமுக்கு, என்ன?”

பியூலா பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். பந்து கல் மாதிரி இருந்தது. “எப்பா, அமுங்குதா?”

“அமுங்குதே! லேசா அமுங்குது பாரு” என்றார் ஆசீர். பச்சைப் பொய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அப்பாவும் மகளும் தேரிக்குப் போய் அளவு பார்ப்பது வழக்கமாயிற்று. “பொண்ணு பாக்கப் போற மாதிரில்லா கெளம்பிட்டிய ரெண்டு பேரும்” என்று அம்மா கிரேனாப்பு கேலி செய்வாள். நான்கு விரற்கடை மூன்றானது, மூன்று இரண்டானது. கடலைப் பியூலா பார்க்காதவள் அல்ல. எத்தனையோ தரம் அதில் கால் நனைத்திருக்கிறாள். அவளுக்கு வேண்டியது அந்தக் கடல் இல்லை. அப்பா ஓட்ட, பக்கத்தில் தான் உட்கார, காற்று முகத்தில் அடிக்க, மேடேறியதும் சட்டென்று கண்ணில் படுகிற கடல் வேண்டும். ஐந்து வருடம் அதற்காக ஏங்கினாள்.

அந்த ஐந்து வருடத்தின் கடைசியில்தான் ஆசீரின் கையிலிருந்து தேநீர்த் தம்ளர் நழுவத் தொடங்கியது. விரல் நரம்புகள் தேய்கின்றன, தேய்ந்தது திரும்பாது என்றார் மருத்துவர். ஆசீர் அதைக் கிரேனாப்பிடம் மட்டும் சொன்னார்.

பதினோராவது வயதில் ஒரு சனிக்கிழமை. பியூலா உட்கார்ந்தாள். முதுகு ஒட்டியது. பாதம் பதிந்தது. பிடித்த பிடியும் நின்றது. ‘டக்’கென்று கச்சை பூட்டிக்கொண்டது.

“வா கண்ணு, போவலாம்!”

இந்தச் சொல்லை அந்தக் குரலில் அவள் கேட்பது இதுவே முதல் தடவை. “எப்பா! எப்பா! சீக்கிரம் ஏறுங்க!” என்று கத்தினாள். வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தங்கராசு கைதட்டினார்.

தான் செய்த கச்சையை ஏமாற்ற முடியாது என்பது ஆசீருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆசை யாரை விட்டது? ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். முதுகை ஒட்டினார். பாதத்தைப் பதித்தார். இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிக் கைப்பிடியைப் பற்றினார்.

“பிடி போதல. இன்னும் கொஞ்சம் வளந்து வா, கண்ணு. நான் இங்கதான் இருப்பேன்.”

அவருடைய குரல்தான், அவரைவிட இளமையான குரல். மறுபடியும் பற்றினார். மறுபடியும் அதையே சொன்னது, கொஞ்சமும் கோபப்படாமல்.

“என்ன அண்ணாச்சி இது?” என்றார் தங்கராசு. “நீங்க செஞ்சதுதானே? ஒரு வார்த்த சொன்னா கேக்காதா?”

“கேக்காது, தங்கராசு. எவன் சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னுதான் செஞ்சேன்.”

கச்சை சொன்னது சரி. இந்தக் கையோடு மேடேறினால் இன்னொரு வண்டி சாயும். சரி என்று தெரிந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை; கண் கலங்கிவிட்டது. “ஏட்டி, தங்கராசு மாமா கூட ஒரு சுத்து போயிட்டு வா. அப்பா இங்க நின்னு பாக்கேன்” என்றார்.

“எனக்கு வேண்டாம்.”

“அஞ்சு வருசம் காத்திருந்தியேட்டி…”

“அவரு கூடப் போறதுக்கா காத்திருந்தேன்?”

ஐந்து வருடம் கழித்துப் பூட்டிய கச்சையை அவளே விடுவித்தாள். இறங்கிச் சுற்றி வந்து அப்பாவின் பக்கம் நின்றாள். கைப்பிடியில் நிற்காமல் நழுவும் அவர் விரல்களைப் பார்த்தாள். பிறகு பைக்குள் கைவிட்டு, சாயம் போன அந்த ரப்பர் பந்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“தெனமும் அமுக்குங்க, என்ன? அடுத்த மாசம் வந்து பாப்போம்.”

ஆசீர் அமுக்கினார். முகமெல்லாம் வேர்த்தது. பந்து அப்படியே இருந்தது.

“அமுங்குதாட்டி?”

பியூலா குனிந்து உற்றுப் பார்த்தாள்.

“அமுங்குதேப்பா! லேசா அமுங்குது பாருங்க” என்றாள்.