நாலாவதைத் தட்டான்

வெட்டியெறிந்த ஒன்று, வெட்டிய இடத்திலேயே முளைத்திருந்தது. மறுவெளியீட்டுக்காகத் தம் முதல் இசைத்தொகுப்பின் முதல் பாட்டை அவர் ஓடவிட்டார். கிட்டார் எழுவதற்கு முன், டிரம்ஸ் குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை கேட்டது. டக், டக், டக். நாலாவது தட்டு விழ வேண்டிய இடத்தில், மூக்கால் வெடுக்கென்று உள்ளிழுத்த ஒரு மூச்சு. பிறகுதான் பாட்டு.

நிறுத்தினார். ஒலி இருந்தால் கணினித் திரையில் அந்த இடத்தில் மேடு எழும்பியிருக்க வேண்டும். பாட்டுக்கு முந்தைய கோடு, சீவிவிட்டது போல் மட்டமாகக் கிடந்தது.

வெளியே வெயிலா மழையா என்று அறிய வழியில்லாத, வீட்டின் பின்புறத்து ஒலிப்பதிவு அறை அது. சுவரெங்கும் ஒலியை விழுங்கும் பஞ்சு, காலடியில் கனத்த விரிப்பு, கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலுள்ள வாசிப்பறையில் துணி போர்த்திய டிரம்ஸும் சாய்த்துவைத்த கிட்டார்களும், எல்லாவற்றின் மீதும் சூடேறிய கருவிகளின் தூசி மணம். அந்த மணத்துக்குள் இன்று, நாசியின் ஓரத்தை மெல்லச் சுடும் வலித்தைலத்தின் நெடி ஒன்று கலந்திருப்பதை அவர் உணர்ந்தும் உணராதவர் போல் உட்கார்ந்திருந்தார்.

அந்த வீட்டில் தைலம் தடவியவன் ஒருவன்தான். மணிக்கட்டு வலியோடு டிரம்ஸ் வாசித்தவன். மனைவியின் தம்பி.

எலும்பும் தோலுமான உடம்பு, நீண்ட கைகால்கள். தட்டான்பூச்சி என்று யாரோ சொல்லப்போய்த் தட்டான் என்றே ஆகிவிட்டது. தட்டுகிறவனுக்குப் பொருத்தமான பெயர்தான் என்று மற்றவர்கள் சிரிக்கும்போது அவனே திருத்துவான். “நல்லா கவனிங்க மாமா. மூணு தட்டுவேன். நாலாவதைத் தட்டான். அதான் தட்டான்.” நாலாவது எண்ணிக்கையை மூச்சாக இழுத்துக்கொண்டு பாட்டுக்குள் குதிப்பது அவன் பழக்கம். அவன் பெயருக்குள்ளேயே ஒரு மறுப்பு ஒளிந்திருந்தது. அன்று அது வெறும் வேடிக்கையாகத்தான் பட்டது.

அவருடைய புகழ் ஒற்றை வரியின் மேல் நின்றது. ‘அனைத்துக் கருவிகளும்: நானே.’ எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல், பின்னறையில் தாமே எழுதி, கிட்டாரும் பேஸும் கீபோர்டும் டிரம்ஸும் தாமே வாசித்து, பதிந்து, கோத்து வெளியிடும் ராக் இசைஞர். ஓர் உடம்புக்குள் ஒரு முழுக் குழு என்று எழுதினார்கள். பின்னால் வந்த தொகுப்புகளுக்கு அது மெய். முதல் தொகுப்புக்குப் பொய். அதில் டிரம்ஸ் முழுக்கத் தட்டானுடையது.

“பேரு போடாட்டி பரவால்ல மாமா. அந்த மூணு தட்டையும் மூச்சையும் மட்டும் வெட்டாம விடுங்க. நான் உள்ள இருக்கேன்னு எனக்காவது தெரிஞ்சா போதும்.”

வெட்டினார். அந்தத் தொகுப்பு அவரை மேடையேற்றியது. அவர் வெளியூர் மேடையொன்றில் கைதட்டலுக்குத் தலைவணங்கிய நாளில், மருத்துவமனைக் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தட்டான் விரலால் மூன்று முறை தட்டினான். ஒரு மூச்சை இழுத்தான். அதை வெளியே விடவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா அதைச் சொன்னபோது அழவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது அவள் தேநீரோடு வந்து நின்றாள்.

“முடிஞ்சுதா?”

“முடியப்போகுது.”

“மறுபடி வெளியிடுறப்பவாவது தம்பி பேரைப் போடுறேன்னீங்க.”

“போடுறேன்னு சொன்னேன்ல.”

“போன தடவையும் இதே மூஞ்சிய வச்சுக்கிட்டுதாங்க சொன்னீங்க.” கோப்பையை வைத்தவள் கண்ணாடி வழியே பார்த்தாள். “டிரம்ஸ் மேல இருந்த துணிய எடுத்தாச்சா? நல்லது. அவனுக்கு மூடி வச்சா பிடிக்காது.”

துணி மடிக்கப்பட்டு, வாசிப்பவனின் முக்காலிக்குக் கீழே கிடந்தது. அவர் இன்று அந்த அறைக்குள் நுழையவே இல்லை.

அவள் போன சற்று நேரத்தில் வெளியீட்டாளர் தொலைபேசியில் அழைத்தார்.

“சார், அட்டை அச்சுக்குப் போகுது. அந்த வரி அப்படியே தானே? நாலு பேர் பேரைப் போட்டா வாக்காளர் பட்டியல் மாதிரி ஆயிடும், பாத்துக்கோங்க.”

அவர் சிரித்தார். “அப்படியே இருக்கட்டும்.”

“டிரம்ஸ் வேற யாரோன்னு அப்போ ஒரு பேச்சு இருந்துச்சே?”

“வீட்டுப் பையன் ஒருத்தன். சும்மா தட்டிப் பார்த்தான். அதெல்லாம் ஒரு வாசிப்பா?”

தொலைபேசியை வைத்த பிறகுதான் ஒலிக்கலவைப் பலகையில் எரிந்த சிவப்பு விளக்கைக் கவனித்தார். வாசிப்பறையில் இருப்பவரிடம் பேசுவதற்கான மைக்கை அணைக்க மறந்திருந்தார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும், கண்ணாடிக்கு அப்பால், அந்தக் காலி முக்காலிக்குக் கேட்டிருக்கும்.

தைல நெடி அடர்ந்தது.

பாட்டைத் தொடங்கினார். டக், டக், டக். மூச்சு. டிரம்ஸ் பாய்ந்து வந்தது, அவர் நினைவில் வைத்திருந்ததைவிடக் கனமாக, நெஞ்செலும்பில் இடிப்பதுபோல. கிட்டார் வரவில்லை. திரையில் கிட்டாரின் மேடுகள் நகர்ந்துகொண்டுதான் இருந்தன. ஒலி மட்டும் இல்லை. இணைப்பு ஒயரைச் சோதித்தார். ஸ்பீக்கரைச் சோதித்தார். இரண்டிலும் பழுதில்லை. மறுபடி தொடங்கினார். இம்முறை பேஸும் இல்லை. அடுத்த முறை கீபோர்டு. அதற்கடுத்து, ஊரெல்லாம் அவருக்கென்று அறிந்த அந்தக் குரல், வாயைப் பொத்தினாற்போல் அறுந்தது. எஞ்சியது டிரம்ஸ். அது மட்டும். தெளிவாக. உற்சாகமாக.

அடுத்த தொகுப்பைத் திறந்தார். டிரம்ஸ் மட்டும். அதற்கடுத்ததிலும் டிரம்ஸ் மட்டும். அதுவும் அவர் வாசித்தது அல்ல. அவன் இறந்து வெகுகாலம் கழித்துப் பதிந்த பாட்டின் தொடக்கத்திலும் அந்த மூன்று தட்டு. அந்த மூச்சு.

எழுந்தார். வாசிப்பறைக்குள் ஓடிக் கிட்டாரை எடுத்தார். அவருக்குப் பின்னால் கனத்த கதவு தானே சாத்திக்கொண்டது. கம்பிகளை மீட்டினார்.

கம்பிகள் அதிர்ந்தன. ஓசையில்லை.

பலமாக அடித்தார். ஒரு கம்பி அறுந்து விரலைக் கிழித்தது. ரத்தம் வந்தது. ஓசை வரவில்லை.

கத்தினார். தொண்டை நரம்பு புடைத்தது. அவருக்கே கேட்கவில்லை. கைதட்டினார். காலால் தரையை உதைத்தார். ஒன்றுமில்லை. தம் காதுக்குள் இத்தனை ஆண்டுகள் ஓடிய ரத்தத்தின் இரைச்சல்கூட இல்லை.

கண்ணாடிக்கு அப்பால் மனைவி வந்தாள்.

இரு கைகளாலும் கண்ணாடியை அறைந்தார். ரத்தக் கோடு ஒன்று வழிந்தது. அவள் நேராகத்தான் பார்த்தாள். பார்வை அவரைத் தாண்டிப் போயிற்று. அவருக்குப் பின்னால். முக்காலி இருக்கும் இடத்துக்கு.

அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

“தம்பி?”

அவர் முதுகுக்குப் பின்னால், மிக அருகில், தைலம் மணக்கும் இருட்டிலிருந்து: டக்.

டக்.

டக்.

நாலாவதைத் தட்டவில்லை. மூச்சு வர வேண்டிய இடத்தில், அவருடைய நெஞ்சு உள்வாங்கியது. விலா எலும்புகள் ஒன்றையொன்று நெருங்கின. அவருக்குள் இருந்த காற்றை யாரோ மூக்கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள். திருப்பித் தரவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் அவள் முகம் மலர்ந்தது. பல ஆண்டுகளாக அவர் பார்த்திராத சிரிப்பு.

“அவனேதான்,” என்றாள். “எங்க, இன்னொரு தடவை.”

கையை நீட்டி, பாட்டை ஆரம்பத்துக்குக் கொண்டுபோனாள்.

டக்.